கூனிப்பாறை சபையின் வாலிபர் அறிக்கை

மலைச்சபைகளின் வாலிபர் மாநாடு முடிந்த மூன்றாம் நாள், மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை, பதினோரு மணி பஸ் கூனிப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் வந்து நின்றது. முன்படி வழியே பதினாறு பேரும் பின்படி வழியே பதினைந்து பேருமாக முப்பத்தொரு வாலிபர்கள், ஆளுக்கொரு வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் இடிக்காமல் இறங்கினார்கள். கொழுந்து எடை போட வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் இறங்கியவனைக் கண்டதும் அன்னபாக்கியம் தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டாள். அவன் அவளுடைய மகன் கிருபைராஜ். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற, முன்தலை வழுக்கை விழுந்த, முப்பத்தொரு வயதுக் கிருபைராஜ் அல்ல. பதினொரு வருடத்துக்கு முந்திய கிருபைராஜ், இருபது வயதுக்காரன், எப்போதோ கிழிந்து கரித்துணியாகிப்போன அதே ஊதாக் கோடு போட்ட சட்டையோடு.

"எங்கன ஏறுனாங்க இம்புட்டுப் பேரும்?" என்று எடை போடுகிறவர் கேட்டார்.

"நாலாம் வளைவு வரைக்கும் வண்டியில நானும் கண்டக்டரும்தான். அஞ்சாம் வளைவுல கண்ணாடியப் பாத்தா நிக்க எடமில்ல" என்று டிரைவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கடைசியாக இறங்கியவளைப் பார்த்தபோது ஜெபக்கனிக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. இறங்கியவள் பத்தொன்பது வயது ஜெபக்கனி. பச்சை ரிப்பன், எண்ணெய் வழித்த இரட்டைப் பின்னல், பெரிய காலுக்குத் தைத்த யாரோ ஒருவரின் பழைய செருப்பு. முப்பது வயது ஜெபக்கனி கொழுந்துக் கூடையோடு வரிசையில் ஏழாவதாக நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு காகிதத்தால் வந்தது. பதினொரு வருடத்துக்கு முன், கூனிப்பாறையில் நிஜமாகவே முப்பத்தொரு வாலிபர் இருந்த காலத்தில், சபை அவளை முதன்முதலாக மாநாட்டுக்கு அனுப்பியது. சமவெளியில் பனங்காட்டுக்கு நடுவே ஒரு தியான இல்லம். பஸ் போகாத, போனாலும் திரும்பாத ஊர்களின் சபைகளிலிருந்தெல்லாம் ஆள் வந்து, மூன்று நாள் தங்கி, ஜெபித்து, சாப்பிட்டு, தங்கள் ஊர் வாலிபரைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஜெபக்கனி இரண்டு நாள் உட்கார்ந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் வயதும் ஒரு வரியும் எழுதினாள். கிருபைராஜ் (20): கீழ்ப்படிதல் உள்ளவன், கிதார் வாசிப்பான். சாலமோன் (22): குடியை விட்டவன். செல்வஜோதி (18): அதிர்ந்து பேசாதவள். முப்பத்தோராவதாகத் தன்னைப் பற்றியும், கொஞ்சம் பெருமையோடு, எழுதிக்கொண்டாள். ஜெபக்கனி (19): எந்த ஊழியத்துக்கும் முதல் ஆளாகக் கை தூக்குவாள்.

மறுவருடம் புதிதாக எழுத உட்கார்ந்தவளைக் கமிட்டி செயலாளர் வேதமாணிக்கம் தடுத்தார். அவர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். தேயிலைக் காட்டில் நூறு பேரை மேய்க்கிற குரலைச் சபைக் கோயிலிலும் இறக்கமாட்டார். "எதுக்குட்டி கை நோவ எழுதுத? வருஷத்த மட்டும் மாத்து" என்றார். வருடத்தின் மேல் வெள்ளை மை தடவி, புது வருடம் எழுதி, கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லா மலைச்சபையும் அப்படித்தான் செய்தது. வாங்கிக்கொண்டவர்களும் படிக்காமல் கட்டி வைத்தார்கள். இதில் பொய் சொன்னவர் என்று யாருமில்லை. வருடம் மட்டும் சரியாக இருந்தது. சாலமோன் போனான், செல்வஜோதி போனாள், ஏழாம் வருடம் கிருபைராஜும் போனான். ஒன்பதாம் வருடம் முப்பது பேரும் திருப்பூர், கோயம்புத்தூர், கேரளா என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கை தூக்குகிறவள் மட்டும் மிச்சம். காகிதத்தின் தலையில் வெள்ளை மை தடவித் தடவிக் கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது.

இந்த ஆகஸ்டில்தான் மாநாட்டை நடத்துகிற பெண் போதகர் ரூபி ஐயரம்மா, "இந்தத் தடவை காகிதத்த நீங்களே வச்சுக்கிடுங்க. எழுந்து நின்னு பேர் பேரா வாசிங்க. ஒவ்வொரு பேருக்கும் நாங்க எல்லாரும் ஆமென் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டார். ஜெபக்கனி எழுந்து நின்று வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் முந்நூறு பேர் சொன்ன ஆமென் கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது. முப்பத்தொரு தடவை மோதித் திரும்பியது.

அன்று சாப்பாட்டு வரிசையில் ஐயரம்மா அவள் தோளைத் தொட்டு, கடற்கரை ஊரில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றுக்கு வார்டன் வேண்டும் என்றும், ஜனவரியில் வந்துவிட முடியுமா என்றும் கேட்டார். "உங்க கமிட்டிகிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும் வாங்கிட்டு வா." பதினொரு வருடத்தில் ஜெபக்கனியை யாரும் முடியுமா என்று கேட்டதில்லை. அந்தக் கடிதத்தைத் தவிர வேறெதையும் நினைக்காமல்தான் அவள் மலையேறியிருந்தாள்.

வந்திறங்கிய பிள்ளைகளை ஊர் முதல் வாரம் கொண்டாடியது. கோழி அடித்தார்கள். ஒற்றை அறையும் அடுப்படியுமான லைன் வீடுகளில் பாய் விரிக்க இடமில்லாமல் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள். மகன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தாய்மார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் காகிதத்தில் எழுதியிருந்தது மட்டுமே இருந்தது. காகிதத்தில் தாய் பெயருக்குக் கட்டம் கிடையாது. ஆகவே அவர்களுக்குத் தாயைத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் "ஸ்தோத்திரம் அம்மா" என்று கைகூப்பினார்கள், மளிகைக் கடைக்காரிக்குச் சொல்வது போல. அதிர்ந்து பேசாதவள் என்று எழுதப்பட்ட செல்வஜோதி, பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோதும் அதை அதிராமல் சொன்னாள். ஒரு கூரை போயிற்று. குடியை விட்ட சாலமோன் வேறெதையும் பிடிக்கவில்லை. குடியை விட்டபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். கொழுந்து எடுப்பது பற்றி எழுதாததால் ஒருவரும் காட்டுக்கு வரவில்லை. மணி அடித்ததும் கோயிலுக்குப் போய், இடம் பிடித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் வெளியே மழையில் நிற்க, நாலு குரலில் அழகாகப் பாடினார்கள்.

ஒரு மாதம் பொறுத்தபின் அன்னபாக்கியம் தண்ணீர்க் குழாயடியில் வெடித்தாள்.

"எம்மவன் என்னய ஏ கிழவிம்பான். சோத்துத் தட்டத் தூக்கி எறிவான். ரெண்டு நாள் பேசமாட்டான், மூணாம் நாள் வந்து கால அமுக்குவான். இவன் என்னடான்னா கை நிறைய உப்பப் போட்டுக் கொடுத்தாலும் நல்லா இருக்கு அம்மாங்கான். இது எவம்ட்டி பெத்த பிள்ள?"

அவள் போனில் திருப்பூரைக் கூப்பிட்டாள். போனை எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"யாரு, நானா?" என்று திருப்பூரிலிருந்து கிருபைராஜ் சிரித்தான். "அங்க இருக்கனா? சரி, எங்கிட்ட குடு, பேசுவோம்."

இருபது வயதுக் கிருபைராஜ் போனை இரண்டு கையாலும் வாங்கி, "ஸ்தோத்திரம் அண்ணே" என்றான்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஏ கிழவி" என்றான் மகன். "நாந்தான் அங்க இருக்கம்லா. நல்லபடியா வேற இருக்கேன். பொறவு எதுக்கு நான் கிறிஸ்மசுக்கு வரணும்?" போனை வைத்துவிட்டான். அதன்பின் அன்னபாக்கியம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. முப்பது வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சு நடந்தது. முப்பது வீட்டிலும் போன் செத்துப்போனது.

அதற்குப் பிறகு ஊர் யாரை வெறுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. வந்த பிள்ளைகளை வெறுக்க முடியாது. அவர்கள் எதைச் சொன்னாலும் ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்றார்கள். வாசித்தவள் ஜெபக்கனி. குழாயடியில் அவள் குடம் வரிசையை விட்டு உருண்டு கிடந்தது. கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள். ஜன்னலில் ஒரு கல், மறுநாள் இன்னொன்று. காட்டில் அவள் போகிற வரிசையில், "ஏட்டி முப்பத்தொண்ணு, ஒன் கூடைய எண்ணிப் பாத்துக்க, ராவோட ராவா முப்பத்தொரு கூடையாயிரும்" என்று சிரித்தார்கள்.

ஆனால் சின்னவளை, பச்சை ரிப்பன்காரியை, யாரும் வெறுக்கவில்லை. அவள் மட்டும்தான் உபயோகமாக இருந்தாள். யாராவது "யாரு போறா" என்று வாயெடுப்பதற்குள் அவள் கை மேலே இருக்கும். "நான் போறேன்." ஆஸ்பத்திரி மாத்திரைக்கு நாலு மைல், கோயில் கூட்ட, மணி அடிக்க, பிரசவக்காரிக்குக் கஞ்சி, செத்த மாட்டைப் புதைக்க. "இதப் பாத்துப் படி" என்று வேதமாணிக்கம் பெரியவளிடம் சொன்னார். "ஒனக்கு முகம் சுண்டும். அது முகம் சுண்டுதா பாரு."

சின்னவள் பெரியவள் வீட்டில்தான் படுத்தாள். ஜெபக்கனி அவளோடு பேசுவதில்லை. அந்த ரிப்பனைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பெருமையோடு அந்த வரியை எழுதிய பேனாவை நினைத்தால் அதைவிட எரிச்சல். ஆனால் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் சின்னவள் மாத்திரைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது, சிமெண்டுத் தரையில் கோடாக ரத்தம் வந்தது. ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். இரண்டு கணுக்காலிலும் அட்டைகள், ரத்தம் குடித்துப் பெருத்துத் திராட்சை மாதிரி தொங்கின. பதினேழு இருந்தன.

"உக்காருட்டி" என்று சுண்ணாம்பு டப்பாவை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் தொட்டு வைத்தாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. "கடிச்சது தெரியலியா?"

"தெரியலக்கா."

"வலிக்கலியா?"

சின்னவள் யோசித்தாள். "அத யாரும் எழுதலியேக்கா" என்றாள் சாதாரணமாக. உடனே எழுந்து, "அடுத்தது யாருக்கு?" என்று கேட்டாள்.

ஜெபக்கனி தன் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்காலைப் பார்த்தாள். பதினேழு பழைய தழும்புகள், அதே இடங்களில். அவற்றை அவள் எண்ணிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டிசம்பரில் அதே தியான இல்லத்தில் நடக்கிற ரிட்ரீட் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது அதில் புதிதாக ஒரு வரி இருந்தது. வாலிபர் குறைந்த சபைகளைக் கீழே உள்ள சபையோடு சேர்த்து, கோயிலைப் பூட்டிவிடுவார்கள். ஊழியத்துக்கென்றே தன்னை ஒப்புக்கொடுத்த வாலிபர் ஒருவராவது இருந்தால் பூட்டமாட்டார்கள். வேதமாணிக்கம் அதை மூன்று தடவை வாசித்துவிட்டுக் கமிட்டியைக் கூட்டினார். ஜெபக்கனியை நிற்க வைத்தே பேசினார்.

"நீ கீழ போ. இந்தத் தடவை உள்ளத உள்ளபடி எழுதி வாசி. எவன் எவன் எங்கன இருக்கான், எப்படி இருக்கான், அம்புட்டும். முப்பது பேரும் வந்த வழிய போயிருவாங்க. கடைசி வரிய மட்டும் தொடாத."

"கடைசி வரி நானுல்லா அண்ணாச்சி."

"நீ இல்ல, அது. பத்தொம்பது வயசு, முதல் ஆளாக் கை தூக்கும். அது இங்கன இருக்கட்டும். கோயிலும் பூட்டமாட்டான், ஊருக்கும் வேலைக்கு ஆளாச்சு. வயசும் ஏறாது, முகமும் சுண்டாது." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஒன் கடிதம். எழுதி, சீல் வச்சாச்சு. வாசிச்சிட்டு வந்து வாங்கிக்க. மாலை போட்டே அனுப்புவோம். என்ன சொல்லுத?"

ஜெபக்கனி கடிதத்தின் சீல் முத்திரையைப் பார்த்தாள். ஊதா மை. அவள் சரி என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் மூன்று மாதத்தில் முதன்முறையாக அவள் வீட்டுக்கு ஊர் வந்தது. யாரும் உட்காரவில்லை. நிலைப்படியில் நெருக்கிக்கொண்டு நின்று, திட்டுகிற குரலிலேயே தங்கள் பிள்ளைகளைச் சொன்னார்கள்; அவள் எழுதினாள்.

"குடிப்பான்னு எழுது. விட்டான்னு எழுதுனல்லா, இப்ப குடிப்பான்னு எழுது."

"எம்மவ கத்துவா. ஏழு வீட்டுக்குக் கேக்கும். அத எழுது. மாமியாளக் கடிச்சிருக்கா, அதயும் எழுது."

"இது நல்லாருக்காது பெரியம்மா."

"நீ நல்லாருக்குன்னு எழுதுனதுலதான இந்தக் கெதி. எழுதுட்டி, எம்மவன் வழுக்க. முன்கோபி. அவன் பெத்தவளக் கிழவிம்பான். விட்டுராத, கிழவிம்பான்."

எழுதி முடித்தபோது கொப்புளம் இல்லாத புதுக் காகிதம் நிறைந்திருந்தது. முப்பத்தோராவது வரிக்கு இடம் விட்டிருந்தாள். மூலையில் சின்னவள் உட்கார்ந்து, அடுத்து யாராவது கூப்பிடுவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனங்காட்டுத் தியான இல்லத்தில் அவள் முறை இரண்டாம் நாள் காலையில் வந்தது. வாசித்தாள். "கிருபைராஜ், முப்பத்தொரு வயது, திருப்பூர்: வழுக்கை, முன்கோபி, பெத்த தாயைக் கிழவி என்பான்." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், ஆனாலும் பழக்கம் விடாமல் முந்நூறு பேரும் ஆமென் என்றார்கள். "சாலமோன், முப்பத்துமூன்று வயது, கோயம்புத்தூர்: குடிப்பான்." ஆமென் கொஞ்சம் தயங்கி வந்தது. பத்தாவது பெயருக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை, தயங்கவுமில்லை. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் மடியிலிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

முப்பது முடிந்தது. விட்டிருந்த இடத்தில் பழைய வரியை அவள் நேற்றே எழுதியிருந்தாள், வேதமாணிக்கம் சொன்னபடி, எழுத்து மாறாமல். அதை வாசித்தால் கடிதம், மாலை, கடற்கரை. வாசித்தால் அந்தப் பிள்ளை அங்கே நிற்கும், ரத்தம் வழிய, தெரியாமல், இன்னும் முப்பது வருடம், அறுபது வருடம், யாரு போறா என்று யாராவது கேட்கிறவரைக்கும். ஊரை அவளுக்குப் பிடிக்காது. சின்னவளையும் பிடிக்காதுதான். ஆனால் பிடிக்காத ஊரிடம் அவளை விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

"ஜெபக்கனி" என்றாள், காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து. "முப்பது வயது. அட்டை கடித்தால் வலிக்கும். இனிமேல் கை தூக்கமாட்டாள்."

முந்நூறு பேர் ஆமென் என்றார்கள். ரூபி ஐயரம்மாவின் ஆமென் மற்றவர்களுடையதைவிட ஒரு நொடி பிந்தி, தனியாகக் கேட்டது.

"முடிவு ஜெபம் யாரு பண்றீங்க?" என்று யாரோ கேட்டபோது, பழக்கத்தில் அவள் கை எழும்பப் பார்த்தது, எழும்பவில்லை. ஈரச் சாக்கு மாதிரி மடியில் கிடந்தது.

ஐயரம்மா சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் வந்து நின்றார். "கடிதம்?"

"தரமாட்டாங்கம்மா."

"அங்க பிள்ளைங்க அறுபது பேர் இருக்காங்க. பெட்டிய எடுத்துட்டு வந்திரு" என்று சொல்லி ஐயரம்மா தட்டை நீட்டினார்.

பதினோரு மணி பஸ்ஸில் அவள் போய் இறங்கியபோது ஊர் கோயில் முற்றத்தில் நின்றது. யார் சொல்ல வேண்டும் என்றில்லாமல் எல்லாரும் சொன்னார்கள். பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்களாம், நாலு குரல் மூன்றாகி, இரண்டாகி, ஒவ்வொரு வாயாக நின்றுபோய், பெஞ்சில் வேதப்புத்தகம் மட்டும் இருந்ததாம், அப்புறம் அதுவும் இல்லையாம்.

"கடைசியில அந்தப் பிள்ள மட்டும் நின்னுது" என்றாள் அன்னபாக்கியம். "மணியடிக்கக் கையத் தூக்குச்சு. தூக்குன கைய எறக்குச்சு. குனிஞ்சு காலப் பாத்து, ஆன்னு சொல்லிச்சுட்டி. அம்புட்டுதான்."

"ஒத்தப் பிள்ள" என்றார் வேதமாணிக்கம். "அத விட்டுவைக்க ஒனக்கு மனசில்ல. ஊரு கோயிலப் பூட்டிட்டு நீ போயி வார்டனாயிருவியோ? போ பாப்போம்." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். யாரோ அவள் காலடியில் காறித் துப்பினார்கள். ஜெபக்கனி ஒதுங்கி நடந்து வீட்டுக்குப் போய், தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இருபது நிமிடம் நிற்கிற அதே பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

வேதமாணிக்கம் கோயிலைப் பூட்டி, சாவியைப் படியில் வைத்தார். "இத இன்னைக்கே கீழ்ச்சபையில கொண்டு ஒப்படைக்கணும்" என்றார், எல்லாருக்கும் பொதுவாக. "யாரு போறா?"

பதினொரு வருடப் பழக்கத்தில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஜெபக்கனியைத் திரும்பிப் பார்த்தது. அவள் மலையிறங்கிப் போகிற பஸ் கீழ்ச்சபை வாசலில்தான் நிற்கும். அவள் இடது கையில் பெட்டி இருந்தது. வலது கை பக்கவாட்டில் தொங்கியது, அசையாமல்.

அந்த நேரத்தில் அன்னபாக்கியத்தின் மடியில் போன் அடித்தது. அவள் அவசரத்தில் பொத்தானை மாற்றி அழுத்தியதால் எல்லாருக்கும் கேட்டது. "ஏ கிழவி, செத்துட்டியா இருக்கியா? மூணு மாசமா எவன்கிட்ட பேசிட்டிருந்த?"

"ஒங்கப்பன்ட்ட பேசுனேன், எடுபட்ட பயலே" என்று அன்னபாக்கியம் மூக்கைச் சிந்தினாள். அங்கங்கே மற்ற மடிகளிலும் அடிக்கத் தொடங்கியது. ஆளாளுக்குத் திரும்பிக்கொண்டு, கத்திக்கொண்டு, வைதுகொண்டு நின்றார்கள். ஜெபக்கனிக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளும் அதற்காக நிற்கவில்லை. சாவி படியிலேயே கிடந்தது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒன்பதாம் வளைவு திரும்பும்போது ஜன்னல் வழியே கோயில் முற்றம் ஒரு தடவை தெரிந்தது. யாரும் குனிந்து எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. ஜெபக்கனியின் வலது கை, யாரும் கேட்காமல், லேசாக மேலே எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது.